நின்ற கால்களுக்கு ஒரு ஸ்டூல்

(வாசகர்களின் கேள்விகளுக்குத் தக்கலையிலிருந்து பதில் எழுதுபவர், தபால் அலுவலகக் கவுண்டரில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து 2021-இல் ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சுடிதார் செக்ஷனில் நிற்கிறேன். 'வேலை பார்க்கிறேன்' என்று எழுதத்தான் வந்தேன், கை 'நிற்கிறேன்' என்றே எழுதுகிறது. காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் ராத்திரி ஒன்பது மணி ஆகும் இறங்க. டிசம்பர் பிறந்ததிலிருந்து ஞாயிறும் கிடையாது. கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு மாவட்டத்துக்கே லீவு, எங்களுக்கு அன்றைக்குத்தான் கூட்டம். உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. சேலைக் கட்டின் மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால், மேனேஜர் படியேறும் சத்தம் கேட்டதும் பக்கத்து செக்ஷன் அக்கா இருமுவார், உடனே எழுந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். நான் கடைசி பேட்ச். கூட நிற்கிற பிள்ளை ஒருத்தி அவள் டப்பாவில் எனக்கென்று ஒரு துண்டு மீன் மூடி வைத்திருப்பாள், அதையும் ருசிக்க நேரம் இருக்காது. ராத்திரி திங்கள்நகர் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். வாட்ச்மேன் தாத்தா ரோட்டில் இறங்கிக் கை காட்டி நிறுத்தினால்தான் பஸ் கிடைக்கும். வீட்டுக்கு வந்தால் செருப்பின் வார் காலில் பதிந்து கிடக்கிறது.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு ஆன்டி நோட்டு ஒன்று தந்து, "தினமும் மூன்று ஆசீர்வாதம் எழுது, களைப்பு போகும்" என்றார். மூன்று நாள் எழுதினேன். சுகம், வேலை, சாப்பாடு. நாலாவது நாளும் அதையே எழுத வெட்கமாக இருந்தது. இப்போது அந்த நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நான் நன்றி இல்லாதவளா?
— பெயர் வேண்டாம், திங்கள்நகர்

பதில்: மக்ளே, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, உன் மேல் இல்லை. இரண்டாம் தடவை பென்சிலை எடுத்து மூன்று இடத்தில் கோடு போட்டேன். மூன்றாம் தடவை அந்தக் கோடு போட்ட இடங்களை மட்டும் படித்தேன். இருமுகிற அக்கா. மீன் துண்டை மூடி வைக்கிற பிள்ளை. ரோட்டில் இறங்கிக் கை காட்டுகிற தாத்தா.

நோட்டில் நீ எழுதியது சுகம், வேலை, சாப்பாடு. அதில் ஒரு மனுஷர் கூட இல்லை. மனுஷரெல்லாம் நீ எனக்கு எழுதிய முறையீட்டுக்குள்தான் இருக்கிறார்கள், அதுவும் உனக்கே தெரியாமல். அதனால் நீ நன்றி இல்லாதவள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. உடம்பு அவ்வளவு களைத்திருக்கிறது, யார் என்ன செய்தார்கள் என்று நின்று பார்க்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

என் அம்மா அண்டியாபீஸ்காரி. முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர், உனக்கும் தெரிந்திருக்கும். நீ நின்று தேய்கிறாய், அவள் உட்கார்ந்தே தேய்ந்தாள். தரையில் ஒரு பலகை, அதில் காலை மடக்கி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவாள். முதலில் அண்டி உடைக்கும் வேலை. அந்தத் தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். அவள் விரல் நுனிகள் கறுத்தே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சோறு ஊட்டும்போது அந்தக் கறுப்பு விரல்தான் வாய்க்கு வரும். அப்புறம் பருப்பின் தோலை உரிக்கும் வேலைக்கு மாறினாள். சின்னக் கத்தியால் பருப்பு உடையாமல் உரிக்க வேண்டும். 180, 210, 240, 320 என்று தரம் பிரிப்பார்கள். ஒரு ராத்தலுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது, எண் ஏற ஏறப் பருப்பு சின்னது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தே எந்தத் தரம் என்று சொல்வாள். கூலி, உரித்துக் கொடுக்கிற எடைக்கு.

என் தம்பி வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதத்துக்கு மேல் அவளால் அப்படிக் காலை மடக்கி உட்கார முடியவில்லை. அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். நடக்கிற நேரத்துக்குப் பருப்பு குறையும், பருப்பு குறைந்தால் கூலி குறையும். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு மைனி, அந்தப் பக்கம் ஒரு மைனி (அண்ணிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). எடை போடப் போகும் முன்னால் இரண்டு பேரும் தங்கள் தட்டிலிருந்து இரண்டு இரண்டு கை பருப்பை அள்ளி அம்மாவின் தட்டில் போட்டுவிடுவார்களாம். பிரசவத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் தினமும் இது நடந்திருக்கிறது. அந்த இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் உண்டு, அங்கேயும் அரிசி அளந்துதான் போட வேண்டும். அம்மா இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த மைனிகளில் ஒருத்தரின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். அப்போது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது.

அதே நாளில் அவள் இன்னொன்றும் சொன்னாள். பிரசவ காலத்துச் சம்பளம் தர வேண்டும் என்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. அவள் வேலை பார்த்த ஆலை அந்தப் பணத்தைக் கடைசிவரை தரவில்லை. "மைனிமாரு தந்தது எனக்குத் தெய்வம் தந்தது போல. முதலாளி தராதது எனக்கு வர வேண்டியது. ரெண்டையும் சேத்துக் கொழப்பப்பிடாது" என்றாள். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பாக்கியை அவள் மறக்கவில்லை. அந்த இரண்டு கைப் பருப்பையும் மறக்கவில்லை.

உன் நோட்டுப் பிரச்சினைக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான். எல்லாவற்றையும் ஆசீர்வாதம் என்று ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னதால்தான் உனக்கு எரிச்சல் வருகிறது. வேலை ஆசீர்வாதம் என்று எழுதும்போதே கால் வலிக்கிறது, அப்போது அந்த எழுத்து பொய் போல இருக்கிறது. நான் கவுண்டர்காரி, கணக்கு எழுதிப் பழகியவள், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். நோட்டின் நடுவில் ஒரு கோடு போடு. இடது பக்கம் வரவு. இன்றைக்கு யார் உனக்கு என்ன தந்தார்கள் என்று பெயர் போட்டு எழுது. மூன்று வேண்டாம், ஒன்று போதும். 'மத்தியானம் ஒன்றே முக்கால், சாளை ஒரு துண்டு, இன்னார் தந்தாள்' என்று எழுது. வலது பக்கம் பாக்கி. உனக்கு வர வேண்டியது, வராதது. வாரத்தில் ஒரு நாள் லீவு. உட்கார ஓர் இடம்.

அந்த வலது பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னைப் போலப் பல பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது இப்போது தமிழ்நாட்டில் சட்டம். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம் என்று அது சொல்கிறது. நமக்கு முன்னால் கேரளத்தில் 2018-இல் இதைக் கொண்டுவந்தார்கள். அங்கே அதற்காகப் போராடியவர்கள் உன்னைப் போலத் துணிக்கடையில் நின்ற பெண்கள்தான். அதே பழைய சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றும் சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் அது ஓவர்டைம், அதற்குத் தனிக் காசு.

உடனே போய்ச் சண்டை போடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு வீட்டுக்குப் பணம் வேண்டும், அது எனக்குத் தெரியும். தனியாகக் கேட்கவும் கேட்காதே. இருமுகிற அக்காவிடம் முதலில் பேசு. உன் மாடியில் எத்தனை பேர் நிற்கிறீர்கள்? அத்தனை பேரும் சேர்ந்து ஒரு செக்ஷனுக்கு இரண்டு ஸ்டூல் என்று மரியாதையாகக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் கூட்டம் முடிந்து, ஜனவரியில் கடை ஓயும்போது கேட்டால் காது கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை இருக்கிறது, திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் இருக்கிறது. மனுவில் கடைசி பஸ்ஸையும் எழுதலாம்.

அப்புறம் தண்ணீர். நீ எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் துணிக்கடைப் பிள்ளைகள் பலர் என்னிடம் சொன்னது இது. பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. அதைச் செய்யாதே, நீர்க்கடுப்பு வந்து நாலு நாள் படுத்தால் சம்பளமும் போகும். பில் போட கஸ்டமரைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் ஒரு மடக்கு குடி. ராத்திரி வீட்டுக்குப் போனதும் பத்து நிமிடம் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வை. வீக்கம் இறங்கும். காலையிலும் இறங்காமல் இருந்தால், இல்லை ஒரு கால் மட்டும் வீங்கினால், டாக்டரிடம் காட்டு.

சரி, இடது பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல். அன்றைக்கு நீயும் இந்த மாவட்டத்தில்தான் இருந்திருப்பாய், நான் விவரிக்க வேண்டியதில்லை. ரப்பரும் வாழையும் விழுந்து ரோடெல்லாம் மரம். எங்கள் பக்கத்தில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. நாங்கள் ஐந்து பேர் அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தோம். எனக்கு அடுத்த கவுண்டரில் இருந்தவளின் தம்பி கடலில் இருந்தான். தூத்தூர் பக்கத்துப் பிள்ளை அவள். ஆழ்கடலுக்குப் போன படகு, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அவள் வேலைக்கு வந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். கவுண்டரில் உட்காருவாள், ஆனால் எண்களைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவள் கவுண்டரில் நிற்கிற ஆட்களை நான் மெதுவாக என் பக்கம் கூப்பிட்டேன். சாயங்காலக் கணக்கை எங்கள் போஸ்ட் மாஸ்டர் தானே எழுதினார். தபால்காரர் ஒருவர் காலையில் சைக்கிளில் கடற்கரை ஊர்ப் பக்கம் போய், அங்கே சர்ச்சில் யாருக்காவது சேதி வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருவார். அது அவர் தபால் கொடுக்கிற பீட்டே இல்லை, மரம் விழுந்த பாதையில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மத்தியானம் யாராவது பால் இல்லாத ஒரு கட்டஞ்சாயாவை அவள் முன்னால் வைப்பார்கள். குடிக்கவில்லை என்றால் ஆறினதை எடுத்துவிட்டுச் சூடாக வேறு வைப்பார்கள்.

மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கிய படகுகளில் அவன் இருந்தான். சேதி வந்த அன்று அவள் அழுதாள், நாங்களும் அழுதோம். அந்த வாரம் திரும்பி வராதவர்களின் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, அதனால் அதைச் சந்தோஷம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த வாரத்தைப் போல என் உடம்பு களைத்த வாரம் வேறு கிடையாது. ஆனால் 36 வருஷத்தில் எந்த வாரத்துக்குத் திரும்பிப் போக முடியும் என்று கேட்டால் அந்த வாரத்தைத்தான் சொல்வேன். அந்தச் சாயாவை மாற்றி மாற்றி வைத்த கைகளைப் பார்க்க.

பெரிய கஷ்டம் வந்தால்தான் இப்படி என்று நினைக்காதே. மற்ற நாட்களில் எங்களுக்குச் சனிக்கிழமை கிழங்கு உண்டு. ஒவ்வொரு சனியும் ஒருத்தர் முறை. அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு பாத்திரம், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தி, வசதி இருந்தால் நெத்திலிக் கறி. பின்பக்கம் தபால் பை அடுக்குகிற மேசையில் பழைய பேப்பர் விரித்து எல்லாரும் நின்றபடியே பத்து நிமிடத்தில் தின்றுவிடுவோம். நோன்பு மாதத்தில் எங்கள் தக்கலைக்காரர் ஒருவர் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டு வந்து எங்களுக்கு ஊற்றித் தந்துவிட்டுத் தான் மட்டும் நேரம் பார்த்துக் காத்திருப்பார். அவருக்காக அந்த மாதம் சனிக்கிழமைக் கிழங்கை நிறுத்தி வைப்போம். வாரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் வியாழக்கிழமையிலேயே "நாளை கழிஞ்சா கிழங்கு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

உங்கள் இருபது நிமிடத்தில் இது முடியுமா என்று தெரியவில்லை. கடைசி பேட்சில் எத்தனை பேர்? நாலு பேர் இருந்தால் போதும். அந்த மீன் துண்டுக்கு ஒரு நாள் நீ பதில் செய். காலையில் உனக்கு நேரம் இருக்காது, அதனால் சமைக்க வேண்டாம். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு போ. நம் மட்டிப்பழம் உரித்தால் ஒரே வாய்தானே, நின்றுகொண்டே தின்றாலும் ருசி தெரியும். வாட்ச்மேன் தாத்தாவுக்கும் இரண்டு கொடு. கொடுக்கும்போது, "நீங்க கை காட்டலேன்னா எனக்கு வீடு இல்ல தாத்தா" என்று வாய்விட்டுச் சொல்லு. நீ கவனித்தாய் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இத்தனை நாளும் பஸ் கிளம்பியதும் நீ ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருப்பாய். அவர் அங்கேயே நின்று பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஸ்டூல் வந்ததா என்று பிப்ரவரியில் எனக்கு எழுது.

கேள்வி: நான் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். ராத்திரி மூன்று மணிக்குத் தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கினால் விடிகிறவரை நான், மரம், கத்தி. கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை என் மனைவி வாசித்துக் காட்டுவாள். எங்களைப் போல ஒற்றைக்கு உழைக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே அம்மா?
— ஒரு பால்வெட்டுத் தொழிலாளி

பதில்: தம்பி, என் அத்தானும் பால்வெட்டுக்காரர்தான். அக்காவுக்கு உடம்பு சரியில்லாத சமயம் இரண்டு வாரம் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் ஆசைப்பட்டு அவர் பின்னாலேயே போனேன். அந்த இருட்டு எனக்கு இப்போதும் ஓர்மை இருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அந்த நேரத்தில் ஓட வேண்டும், ஒரு மரத்துக்கு அரை நிமிடம், அடுத்த மரம். பேச ஆள் கிடையாது, நீங்கள் சொல்வது சரி.

ஆனால் எதிர்ச் சரிவில் ஒரு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பிளாக்கில் வெட்டுகிறவர். யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். "நான் வரி மாறும்போது ஒரு கூக்குரல் விடுவேன். அவன் திருப்பி விடுவான். வரலேன்னா போய்ப் பாப்பேன்" என்றார். பாம்பு இருக்கும், பன்றி இருக்கும், மேலே காட்டு ஓரமாக இருந்தால் யானையும் இறங்கும். பகலில் அந்த இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, ஏதோ வரப்புத் தகராறு பழையது ஒன்று உண்டு. ஆனாலும் அந்தக் குரல் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஒரு தடவை அத்தான் பாறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். வெட்டி முடித்தாயிற்று, பால் எடுக்கவில்லை. நேரம் போனால் சிரட்டையிலேயே உறைந்து ஒட்டுப்பால் ஆகிவிடும், விலை ரொம்பக் குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எதிர்ச் சரிவுக்காரர் வந்து இவரைத் தூக்கி மேட்டில் உட்கார வைத்தார். பிறகு தன் மரங்களை விட்டுவிட்டு முதலில் இவருடைய பாலை எடுத்தார். அத்தனை சிரட்டையையும். இவருடைய பாலை உறைய வைத்து ரப்பர் ஷீட்டாகத் தனியாக அடித்து, கலந்துவிடாமல் இருக்க ஓரத்தில் அடையாளம் வைத்தார். அன்றைக்கு அவருடைய பாலில் பாதி ஒட்டுப்பால் ஆயிற்று. வரப்புத் தகராறு தீர்ந்ததா என்று கேட்காதீர்கள், தீரவில்லை.

உங்கள் எதிர்ச் சரிவிலும் ஒரு வெளிச்சம் இருக்கும். மழை பிடித்து வெட்டு இல்லாத ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள். கூக்குரல் விடுகிற வழக்கம் இல்லை என்றால் அன்றைக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவிக்கும் ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

கேள்வி: என் பக்கத்து சீட்டில் இருப்பவர் காலையில் பையை வைக்கும் முன்னாலேயே குறை சொல்ல ஆரம்பிக்கிறார். பத்து மணிக்கெல்லாம் எனக்கும் நாள் கெட்டுவிடுகிறது. என்ன செய்ய?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: அவர் சொல்கிற குறை உண்மையா என்று முதலில் பாருங்கள். உண்மை என்றால் அது அவருடைய குறை மட்டுமா, உங்களுடையதும்தானே? அப்போது சேர்ந்து ஒரு கடிதம் எழுதிவிடலாம். வெறும் பழக்கம் என்றால், அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்றைக் காலையிலேயே அவரிடம் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு அண்ணன் இருந்தார். தேதி முத்திரையின் எண்களைத் துலக்கி, மை சரியாகப் பிடிக்க வைப்பதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. வந்ததும் "அண்ணே, முத்திரை இன்னைக்கு மங்கலா விழுதே" என்று நீட்டுவேன். பல்துலக்குகிற பழைய பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் அவரை ஏமாற்றவில்லை, முத்திரை உண்மையிலேயே மங்கலாகத்தான் விழும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்த்த அக்கா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஆசிரியர்கள் 15 பேர் பணம் போட்டிருக்கிறோம். சிலர் சுவர்க் கடிகாரம் என்கிறார்கள், சிலர் பட்டுச்சேலை. உங்கள் யோசனை?
— ஆசிரியை, தோவாளை

பதில்: பணத்தை என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். மகளுக்கு நகைக் கடன் இருக்கலாம், ஓடு மாற்ற வேண்டியிருக்கலாம். கவரில் வைத்து அப்படியே கொடுத்தால் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அதோடு இன்னொன்று செய்யுங்கள். எங்களிடம் தபால் பை தூக்கிய அண்ணன் ஓய்வு பெற்றபோது ஒரு போஸ்ட் கார்டு வாங்கினோம். 50 காசு. வாழ்நாளெல்லாம் ஊரார் கடிதத்தைச் சுமந்தவர், அவருக்கென்று ஒரு கடிதம் வந்து நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் கார்டில் ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு வரி எழுதினோம். அவர் செய்த ஏதாவது ஒன்றை, நடந்ததை மட்டும். 1994 மழையில் பை நனையாமல் தன் சட்டையைக் கழற்றிப் போட்டுக் கொண்டு வந்ததை நான் எழுதினேன். அவருடைய கடைசி வேலை நாளின் தேதி முத்திரையை அழுத்திக் குத்தி, தபாலிலேயே அவர் வீட்டுக்கு அனுப்பினோம். மறுநாள் தபால்காரர் கொண்டுபோனபோது அவர் திண்ணையில்தான் இருந்தாராம், வேலைக்குப் போகாத முதல் நாள். அதை அவர் மனைவி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

பூவுக்கு நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியதில்லை, தோவாளைச் சந்தை உங்கள் வாசலில் இருக்கிறது. மல்லியும் பிச்சியும் தினம் பார்க்கிற பூ. அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மணி மணியாகக் கட்டுகிற மாணிக்கமாலை ஒன்று சொல்லிக் கட்டச் செய்யுங்கள், 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். அமைச்சருக்கும் சாமிக்கும் போடுகிற மாலையை அந்த அக்காவின் கழுத்தில் போடுங்கள். போட்டதும் நிற்க வைத்துப் பேசாதீர்கள். தலைமை ஆசிரியரின் நாற்காலியில் உட்கார வையுங்கள். இத்தனை வருஷமும் தினமும் அதைத் துடைத்தவர் அவர்தானே.